உறுதியும் உருக்கமும்: இரட்சணிய யாத்திரிகத்தில் விசுவாசத்தின் வளர்ச்சி

முன்னுரை

தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களைப் பற்றிய ஆய்வுகளில் இரு வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுவதைக் காண்கிறோம். தமிழ்க் காப்பிய மரபை அவை எந்த அளவுக்கு உள்வாங்கின என்பது ஒன்று. மூலநூலிலிருந்தோ திருமறையிலிருந்தோ அவை எந்த அளவுக்கு விலகின என்பது மற்றொன்று. இரண்டும் பயனுள்ள வினாக்களே. ஆயினும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்தை இவற்றைக் கொண்டு மட்டுமே அணுகும்போது, அந்நூல் எதைப் பாடுகிறது என்னும் எளிய வினா பின்தள்ளப்பட்டு விடுகிறது. ஆசிரியர் வைணவக் குடியில் பிறந்து கிறித்தவரானவர். ஆகவே அவர்தம் காப்பியம் மனமாற்றத்தின் காப்பியம் என்னும் கருத்து எளிதில் வேரூன்றி விட்டது. நாம் அவ்வாறு கருதவில்லை.

காலக்கணக்கே இதற்கு முதற்சான்று. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் நூல்வடிவம் பெற்றது 1894இல். அதற்கு முன் 'நற்போதகம்' என்னும் திங்களிதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. அதாவது, திருமுழுக்குக்கும் நூல் நிறைவுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவனின் பரவசம் இத்தனை காலம் நீடிப்பதில்லை. நீடிப்பது வேறொன்று. ஏற்றுக்கொண்ட விசுவாசத்தில் நாள்தோறும் நிற்பது எவ்வாறு, நிற்பதோடு நில்லாமல் அன்பில் வளர்வது எவ்வாறு என்னும் கவலையே அது. அந்தக் கவலையின் காப்பியமாக இந்நூலைப் படித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைநிற்றலும் உருகுதலும்

விசுவாசத்தில் உறுதியாக நிற்றல் என்பது கிறித்தவ மரபில் தொடக்கக் காலத்திலேயே எழுந்த சிக்கலாகும். கி.பி. 50ஆம் ஆண்டளவில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகம், அவர்தம் திருமுகங்களுள் காலத்தால் முந்தியது எனப் பெரும்பாலான அறிஞர் கருதுவது, இச்சிக்கலைச் சுற்றியே அமைந்துள்ளது. அந்நகரில் சிறிது காலமே தங்கிய பவுல், எழுந்த கலகத்தால் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. தாம் விட்டு வந்த சிறு கூட்டம் துன்பத்தில் ஆட்டங்கண்டிருக்குமோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. ஏதென்ஸில் தனித்திருக்க முடிவு செய்து, தீமோத்தேயுவை அங்கு அனுப்பி வைத்தார். திரும்பி வந்தவர் கொண்டு வந்த செய்தி இரண்டு: அவர்களின் விசுவாசம், அவர்களின் அன்பு. கேட்ட பவுல் எழுதியதன் கருத்து நம் கவனத்துக்குரியது. அவர்கள் உறுதியாக நிற்பதனாலேயே தாம் உயிர் வாழ்வதாக அவர் சொல்கிறார். அதோடு நிறுத்தாமல், ஒருவருக்கொருவர் கொள்ளும் அன்பு இன்னும் பெருக வேண்டும் என்றும் வேண்டுகிறார். உறுதி என்பது அவருக்கு அசையாது கிடத்தல் அன்று, பெருகிக் கொண்டிருத்தல். மேலும், அது தனியொருவர் உள்ளத்துக்குள் முடங்கும் பண்பும் அன்று. ஒருவரின் உறுதி இன்னொருவரை உயிர்ப்பிக்கிறது. (இக்கருத்துக்கு இறுதியில் மீண்டும் வருவோம்.)

இக்கருத்து தமிழுக்குள் வந்தபோது எதிர்கொண்ட இடர் ஒன்றுண்டு. தமிழ்ப் பக்தி மொழியின் உயர்ந்த சொல் உறுதி அன்று, உருகுதல். திருவாசகமானாலும் திருவாய்மொழியானாலும் அடியவன் நெகிழ்கிறான், கரைகிறான், கண்ணீர் பெருக்குகிறான். நெகிழாத நெஞ்சம் கல், இரும்பு, மரம் எனப் பழிக்கப்படுகிறது. இம்மரபில் ஊறிய செவிக்கு 'உறுதியாய் நில்' என்னும் அறிவுரை வறண்டதாகவே ஒலிக்கும். உருகுகின்றவன் எவ்வாறு நிற்பான்? நிற்கின்றவன் எவ்வாறு உருகுவான்? விவிலியத்திலும் இம்முரண் இல்லாமல் இல்லை. கல்லான இதயத்தை நீக்கித் தசையாலான இதயத்தைத் தருவதாக இறைவன் வாக்களிப்பதை எசேக்கியேல் நூல் கூறுகிறது. ஆகவே அங்கும் வன்மை வேறு, உறுதி வேறு. ஆனால் அவ்வேறுபாட்டைத் தமிழில் உணர்த்துவதற்குச் சொல்லாட்சி மட்டும் போதாது. ஒரு வடிவம் தேவைப்பட்டது.

சொல் அளவிலேயே உள்ள சிக்கலையும் இங்குச் சுட்டலாம். சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என நிற்கும் மூன்று சொற்கள், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என மாறியுள்ளன. ஒரு மொழிபெயர்ப்பில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றொன்றில் முதலாவதாக நிற்கிறது. மாணவர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால் குழப்பம் உறுதி. மாறாமல் நின்ற சொல் அன்பு ஒன்றே. கிருஷ்ண பிள்ளையின் காலச் சூழலைக் கருதி இக்கட்டுரையில் விசுவாசம் என்னும் சொல்லையே ஆள்கிறோம்.

தன்னேரில்லாத் தலைவனும் தவறும் யாத்திரிகனும்

இரட்சணிய யாத்திரிகம், ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட உருவக நூலைத் தழுவியது. மறுப்பாளர் குழுவைச் சேர்ந்த பன்யன், உரிமம் பெறாமல் சமய உரை நிகழ்த்தியதற்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டில் சிறையிருந்தவர். அழிவின் நகரைத் துறந்து வான்நகர் நோக்கிச் செல்லும் ஒருவனின் பயணமே அவர் நூலின் கதை. அந்நூல் தமிழ் உரைநடையில் 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரிலும் வழங்கி வருகிறது. கிருஷ்ண பிள்ளை இதனை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்து, மூவாயிரத்து எழுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களில் காப்பியமாக்கினார். தந்தையிடமிருந்தே கம்பராமாயணத்தைக் கற்றவர் அவர். யாப்பு, வருணனை, படல அமைப்பு ஆகியவற்றில் கம்பரின் சாயல் வெளிப்படை. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டம் அதனால் அமைந்தது.

அப்பட்டம் அவருக்குப் பெருமை சேர்த்த அளவுக்கு அவர் நூலை விளக்கவில்லை என்பது நம் கருத்து. தண்டியலங்காரம் வகுக்கும் காப்பியத் தலைவன் தன்னேரில்லாதவன். கம்பரின் இராமன் அத்தகையவன். வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வளனும் அத்தகையவனே. பிறப்பிலேயே அருள் நிறைந்த அவனுக்கு விசுவாசத்தில் வளர வேண்டிய தேவை எழுவதில்லை. துன்பங்கள் அவன் சிறப்பை வெளிக்காட்டுகின்றன; அவனை மாற்றுவதில்லை. ஆனால் பன்யனிடமிருந்து கிருஷ்ண பிள்ளை பெற்ற தலைவன் முதுகில் பாவச்சுமையோடு அறிமுகமாகிறான். சில அடிகள் எடுத்து வைத்ததும் சேற்றில் அமிழ்கிறான். உலகியல் அறிவுடையான் ஒருவனின் இனிய சொல்லை நம்பி வழி தவறுகிறான். இடர்மலையின் நடுவே இளைப்பாறும் குடிலில் உறங்கி, தன் உறுதிச்சீட்டை இழந்து, அழுதுகொண்டே திரும்பி வந்து தேடுகிறான். இவை காப்பியத் தலைவனின் செயல்கள் அல்ல. நாம் அறிந்த தமிழ்ப் பெருங்காப்பிய மரபில் இத்தனை முறை தவறும் தலைவன் அரியவன். காப்பிய இலக்கணத்தை முழுமையாக நிறைவேற்ற முயன்றிருந்தால் இக்கதையே கைநழுவியிருக்கும்.

ஆகவே வளர்ச்சி என்பது இந்நூலின் கதையமைப்பிலேயே உள்ளது. ஐந்து பருவங்களுள் நடுநின்ற பருவத்துக்கு 'நிதானம்' என்னும் பெயர் அமைந்திருப்பதையும் நாம் தற்செயல் எனத் தள்ளிவிட விரும்பவில்லை. தடுமாறாமை, ஆய்ந்து அடியெடுத்து வைத்தல் ஆகிய பொருள்களை அச்சொல் நம் வழக்கில் தாங்கி வந்துள்ளது. உறுதியை மலையாகவோ தூணாகவோ காணாமல் நடையின் பண்பாகக் காணும் பார்வை அதில் உள்ளது.

கட்டுண்டு நின்றவர்

பன்யனின் நூலில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. யாத்திரிகன் சிலுவையை அணுகுகிறான். சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுகிறது. ஒளிமிக்க மூவர் அவனை வாழ்த்துகின்றனர். அவன் பாடிக்கொண்டே நடக்கிறான். சிலுவையில் நிகழ்ந்தது என்ன என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. அவருடைய வாசகர்களுக்கு அது மனப்பாடம். கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து இறைமகனின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். தமிழ் வாசகருக்குக் கதை தெரிந்திராது என்பதே இதற்குக் காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அக்காரணம் சரியானதே, ஆனால் முழுமையானதன்று.

அப்படலத்தில் இயேசு கைதியாகக் கட்டுண்டு நிற்கும் காட்சியைக் காண்போம். காவலரின் கயிறு அவரைக் கட்டியிருப்பதாக எண்ணற்க, பகைத்த மக்களை நினைந்து உருகும் நேசமே அவரை இறுகப் பிணித்திருக்கிறது என்னும் கருத்தில் கவிஞர் பாடுகிறார். பாசம் என்னும் சொல் கயிற்றையும் அன்பையும் ஒருசேரக் குறிப்பது. இவ்விரட்டுறலைச் சொல்விளையாட்டு எனப் பாராட்டிக் கடந்து செல்வது வழக்கம். நம் வினாவோடு படித்தால் இதன் ஆழம் புலப்படும். இங்கு அசையாது நிற்பவரும் அவரே, உருகுகின்றவரும் அவரே. அவருடைய உறுதிக்குக் காரணம் அவருடைய உருக்கம். கயிறு அறுபடக்கூடியது, அன்பு அறுபடாதது, ஆகையால் அவர் விலகிச் செல்ல இயலாதவராக நிற்கிறார். பக்தி மொழியும் திருமுக மொழியும் முரண்பட்ட இடம் எதுவோ அவ்விடத்திலேயே, ஒரே சொல்லால், கவிஞர் அவற்றைப் பிணைத்து விடுகிறார். உருகுதல் உறுதியைக் குலைக்கும் என்னும் அச்சத்துக்கு இங்கு இடமில்லாமல் போகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தமிழ்ப் பக்தி மரபில் உருகுபவன் பெரும்பாலும் அடியவனே. இறைவன் அருள்கிறான், ஆட்கொள்கிறான், சில வேளைகளில் ஒளிந்து விளையாடுகிறான். இங்கோ இறைவனே உருகுகின்றான். அதுவும் அடியவரை எண்ணியன்று, பகைவரை எண்ணி. யாத்திரிகனின் விசுவாசம் எதன்மீது நிற்கிறது என்பதைப் பயணம் முழுவிரைவு கொள்ளும் முன்பே குமார பருவம் காட்டி விடுகிறது. அவனுடைய உறுதி அவனுடையது அன்று. வேறொருவர் கட்டுண்டு நின்றதனால் அவன் நடக்கிறான்.

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இப்படலப் பகுதி இடம்பெற்றது நல்ல தேர்வேயாகும். எனினும் அதனைத் தனித்து எடுத்துப் படிக்கும் மாணவர், இதனை இயேசுவின் வரலாற்றுக் காப்பியம் எனக் கருதிவிட வாய்ப்புண்டு. சேற்றில் விழுந்தவனின் கதைக்குள் இக்காட்சி வருகிறது என்பதை ஆசிரியர் எடுத்துச் சொன்னாலன்றி, அதன் பாதிப்பொருள் மறைந்தே கிடக்கும்.

தேவாரத்தின் இடம்

கிருஷ்ண பிள்ளை தம் காப்பியத்தினிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களை அமைத்துள்ளார். விருத்தங்களால் கதை நடக்க, இடையிடையே கதை நிற்க, பதிக அமைப்பில் இறைவனை முன்னிலைப்படுத்திய விண்ணப்பங்கள் எழுகின்றன. பிற்காலத்தில் 'இரட்சணிய யாத்திரிகத் தேவாரம்' எனத் தனித்துச் சுட்டப்படும் தகுதியை அவை பெற்றன. காப்பியத்தைப் படிக்காத பலரும் அவற்றைப் பாடியிருக்கின்றனர்.

வைணவக் குடியில் பிறந்த ஒருவர் தம் கிறித்தவப் பாடல்களுக்குச் சைவத் திருமுறையின் பெயரைத் தெரிந்துகொண்டது வியப்புக்குரியது. தெய்வத்துக்குரிய பாமாலை என்னும் பொதுப்பொருளில் அவர் அப்பெயரை ஆண்டிருக்கலாம். எனினும் வடிவ அளவில் அப்பெயர் மிகப் பொருத்தமானது என்றே நமக்குத் தோன்றுகிறது. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் வரலாற்றை நினைவுகூர்வோம். சமணத்திலிருந்து மீண்ட அவரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் இடுகிறான், நஞ்சு ஊட்டுகிறான், யானையை ஏவுகிறான், கல்லோடு பிணித்துக் கடலில் எறிவிக்கிறான். ஒவ்வொரு துன்பத்திலும் அவர் பாடுகிறார். சேக்கிழார் கதையை நடத்திச் சென்று, சோதனையின் உச்சத்தில், நாவரசரின் பதிகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். துன்பமும் பாடலும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. உறுதியின் சான்று அங்கே பாடலாகவே வெளிப்படுகிறது.

இரட்சணிய யாத்திரிகத்தின் உள்ளமைப்பு கம்பரைக் காட்டிலும் இவ்வமைப்புக்கே நெருக்கமானது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். கம்பரிடம் கதையும் துதியும் பெரும்பாலும் ஒரே நீரோட்டத்தில் கலந்து செல்கின்றன. இங்கோ இரு குரல்கள் தனித்தனியே கேட்கின்றன: நடக்கும் குரல் ஒன்று, நின்று வேண்டும் குரல் மற்றொன்று. ஆனால் சேக்கிழாரிடமிருந்தும் ஒரு வேறுபாடு உண்டு. நாவரசர் ஆட்கொள்ளப்பட்ட பின் ஐயுறுவதில்லை. நீற்றறை அவருக்கு இளவேனிலாகி விடுகிறது. யாத்திரிகனுக்கு அவ்வாறு ஆவதில்லை. சேறு சேறாகவே இருக்கிறது. கோட்டையின் இருள் இருளாகவே இருக்கிறது. தேவாரப் பாடல்களில் வெற்றி முழக்கத்தை விடத் தகுதியின்மையை ஒப்புக்கொள்ளும் குரலே மிகுதி. கைவிடாதே என்னும் வேண்டுதல் மீளமீள ஒலிக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் விசுவாசத்தில் நின்ற ஒருவர் கைவிடாதே என்று இன்னமும் பாடுகிறார் என்றால், நிற்பது என்பது அவருக்கு என்றோ முடிந்துபோன செயல் அன்று.

இப்பாடல்களில் பாடுபவன் யாத்திரிகனா கவிஞனா என்று பிரித்தறிவது பல இடங்களில் கடினம். திறனாய்வாளர் சிலருக்கு இது காப்பியக் கட்டுக்கோப்பின் குறையாகத் தோன்றலாம். கதைமாந்தரின் குரலும் ஆசிரியர் குரலும் மயங்குவதைக் காப்பியத்தில் குறையெனக் கொள்வதற்கு நியாயம் உண்டு. இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நூல் வெளிவந்த முறையை எண்ணிப் பார்த்தால் அம்மயக்கத்தின் பயன் விளங்கும். திங்கள்தோறும் சில பாடல்களாக, பதின்மூன்று ஆண்டுகள், திருநெல்வேலிப் பகுதியின் கிறித்தவ இல்லங்களில் இது படிக்கப்பட்டது. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையே வாசகர் தம் வாழ்வின் ஒரு மாதத்தைக் கழித்தனர். கதை ஓரிடத்தில் நின்றிருக்க, கையில் இருந்தது பாடல். பாடும்போது 'நான்' என்னும் சொல் யாத்திரிகனையோ கவிஞரையோ குறிக்கவில்லை, பாடியவரையே குறித்தது. பதிகங்களுக்குத் தமிழில் என்றும் வாய்த்துள்ள இயல்பு இது. காப்பியத்துக்கு இவ்வியல்பு இல்லை. காப்பியத் தலைவனை நாம் வியக்கிறோம், அவனாக ஆவதில்லை.

கிறித்தவத்தைப் பக்தி நெறியாகக் காண இயலும் என 1920களிலேயே வாதிட்டவரும், கிருஷ்ண பிள்ளையின் வாழ்வையும் எழுத்தையும் பற்றி 1966இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவருமான ஏ.ஜே. அப்பாசாமி, இக்கவிஞரிடம் ஈடுபட்டதற்கு இதுவே காரணமாக இருத்தல் கூடும்.

இரும்பும் நெருப்பும்

பன்யனின் நூலில் விளக்கம் உரைப்போன் இல்லம் என ஒன்று உண்டு. பயணத்தின் தொடக்கத்தில் யாத்திரிகனுக்குச் சில காட்சிகள் அங்குக் காட்டப்படுகின்றன. அவற்றுள் இரண்டை ஒப்பிடுவது நம் பொருளுக்குத் துணை செய்யும். ஓர் அறையில் சுவரோரம் நெருப்பு எரிகிறது. ஒருவன் ஓயாமல் அதன்மேல் நீரை ஊற்றுகிறான். நெருப்போ அணையாமல் மேலும் ஓங்கி எரிகிறது. சுவரின் மறுபுறம் சென்று பார்த்தால், அங்கே ஒருவர் மறைவாக நின்று எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கிறார். நீர் வார்ப்பவன் சாத்தான், எண்ணெய் வார்ப்பவர் கிறிஸ்து என விளக்கம் தரப்படுகிறது. மற்றோர் இருண்ட அறையில் இரும்புக் கூண்டுக்குள் ஒருவன் அமர்ந்திருக்கிறான். ஒரு காலத்தில் தானும் மற்றவரும் போற்றும்படி விசுவாசத்தில் சிறந்திருந்தவன் அவன். விழிப்பின்றி இருந்தமையால் இதயம் இறுகி, இப்போது மனம் வருந்தவும் இயலாதவனாகி விட்டான்.

இரண்டும் ஒருவகையில் உறுதியின் படங்களே. இரும்பு அசைவதில்லை, நெருப்பு ஒருகணமும் அசையாதிருப்பதில்லை. ஆனால் இரும்புக்குள் இருப்பவன் இழந்து போனான், நெருப்பு வளர்ந்தது. கடும் ஒழுக்கநெறியாளரான பன்யன், தம் வாசகர்க்கு உறுதியின் படமாக இரும்பைத் தரவில்லை. இளகாமையை அவர் தண்டனையாகவே காண்கிறார். தமிழ்ப் பக்தி மரபின் வாயிலாக இந்நூலை அணுகிய கிருஷ்ண பிள்ளைக்கு இது புதிதாகத் தோன்றியிராது. முதலாழ்வார்களின் பாடல்களிலேயே அன்பு விளக்காகிறது. உள்ளத்தின் நெகிழ்ச்சியே அதனை எரியச் செய்கிறது. ஆங்கிலத் தூய்மைநெறியாளர் ஒருவரின் உருவகமும் ஆழ்வார்களின் உருவகமும் எண்ணெயில் சந்திக்கின்றன. கிருஷ்ண பிள்ளை இவ்வொப்புமையை எண்ணியே எழுதினார் என நாம் வாதிடவில்லை. இரு மரபுகளையும் ஓர் உள்ளத்தில் தாங்கியவர்க்கு இக்கதை ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதற்கு இது விளக்கமாகலாம் என்ற அளவிலேயே நிற்கிறோம்.

அன்பின் எல்லை

இதுவரை கூறியவற்றால் இந்நூல் குறையற்றது என நாம் கருதுவதாகக் கொள்ளலாகாது. விசுவாசத்தின் வளர்ச்சியைப் பாடுவதில் அடைந்த வெற்றியை அன்பின் வளர்ச்சியைப் பாடுவதில் காப்பியம் முழுமையாக அடையவில்லை. இறைவன்பால் செல்லும் அன்பு பெருகுகிறது. உடன் மாந்தர்பால் செல்லும் அன்பு அந்த அளவுக்குப் பெருகக் காணோம். வேர் பன்யனிடமே உள்ளது. அவருடைய யாத்திரிகன், மனைவி மக்கள் அழைக்க அழைக்க, காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஓடிய பின் அவர்களைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகிறது. எழில்மாளிகையில் அன்பு என்னும் பெயருடைய மங்கை, உன் குடும்பத்தாரை ஏன் அழைத்து வரவில்லை என வினவும்போது அவன் அழுகிறான். அக்கண்ணீர் உண்மையானது, ஆயினும் கதை அதைத் தாண்டிச் சென்று விடுகிறது. பன்யனே இக்குறையை உணர்ந்தார் போலும். 1684இல் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் மனைவி மக்களையும் அதே வழியில் பயணிக்க வைத்தார். அப்பயணம் முற்றிலும் வேறு வகையானது. நடக்க இயலாதவர், நொண்டுபவர், சிறுவர் எனப் பலரும் ஒரு கூட்டமாகச் செல்கின்றனர். வலியவர் மெலியவருக்காகக் காத்திருக்கின்றனர். கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் முதற்பாகத்தின் வழியே செல்வது.

பிறந்த சமயத்தை விட்டு வந்தவர் ஒருவர் இக்கதையைத் தேர்ந்தபோது, காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடும் காட்சி அவருக்கு வெறும் உருவகமாக இருந்திராது. வீட்டாரின் அழைப்பொலியைத் தம் வாழ்விலும் கேட்டிருக்கக் கூடியவர் அவர். அக்காட்சியை ஒட்டி அன்பின் மற்றொரு பக்கத்தைப் பாடியிருந்தால், தமிழில் அதுபோல் வேறொன்று இருந்திராது. பகைவரை எண்ணி உருகிய இறைமகனை அத்தனை நுட்பமாகப் பாடியவர், அவ்வுருக்கம் யாத்திரிகன்வழி அவன் விட்டு வந்த ஊரை நோக்கித் திரும்புவதைப் பாடவில்லை. பவுல் தெசலோனிக்கேயரிடம் தேடிய இரண்டாவது செய்தி, ஒருவருக்கொருவர் கொள்ளும் அன்பு, இங்கே மெலிந்தே ஒலிக்கிறது.

முற்றிலும் இல்லை என்பதற்கில்லை. கதையின் இறுதியில் வரும் ஆற்றை எடுத்துக்கொள்வோம். வான்நகரின் வாயில் கண்ணெதிரே தெரிகிறது. இடையே பாலம் இல்லாத ஆறு. நகரின் வேந்தர்மீது ஒருவர் வைத்த விசுவாசத்துக்கு ஏற்ப அதன் ஆழம் கூடும், குறையும் எனச் சொல்லப்படுகிறது. இத்தனை வழியும் வந்தவன், சேற்றையும் போரையும் சிறையையும் கடந்தவன், அங்கே மூழ்கத் தொடங்குகிறான். பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன. தன் கண்முன் நிற்கும் நகர் தனக்குரியதன்று என நம்பத் தலைப்படுகிறான். வளர்ச்சி என்பது ஏணிப்படி ஏறுவது போன்றதாயின் இக்காட்சிக்கு இங்கு இடமே இருந்திராது. அவ்வேளையில் உடன் வந்த தோழன், தன் கால்களுக்குத் தரை தட்டுப்படுவதாகக் கூறி, அவன் தலையை நீருக்கு மேல் தாங்கிப் பிடிக்கிறான். மூழ்குபவனின் விசுவாசத்தை அப்போது தாங்கியிருந்தது இன்னொருவனின் விசுவாசம்.

அத்தோழன் பயணத்தின் தொடக்கத்தில் உடன் வந்தவன் அல்லன். மாயைச் சந்தையில் குடியிருந்தவன். வேறொரு யாத்திரிகன் அங்கே வழக்காடப்பட்டு, வதைக்கப்பட்டு, கம்பத்தில் கட்டி எரிக்கப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவனாக நின்று அவன் தளராமையைக் கண்டவன். அந்தச் சாம்பலிலிருந்து எழுந்து வந்து, எஞ்சிய வழி முழுவதும் உடன் நடந்து, கடைசி ஆற்றில் கை கொடுத்தவன் அவன்.